பூஸ்டரைத் திரும்ப ஏவுவது எத்தனையாவது தடவையில் கட்டுபடியாகும்?

கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: ஒருமுறை பறந்து திரும்பிய பூஸ்டரை, அதாவது ராக்கெட்டின் கீழ் அடுக்கை, சரிபார்த்து மறுபடி ஏவுவது, புதிதாக ஒன்றைச் செய்வதைவிட உண்மையிலேயே மலிவா? மலிவென்றால் எத்தனையாவது தடவையிலிருந்து? 2020இல் ஸ்பேஸ்எக்ஸின் ஈலான் மஸ்க், இரண்டாவது தடவையிலேயே ஏறக்குறையச் சமமாகிவிடும், மூன்றாவதில் லாபம்தான் என்றார். அதே ஆண்டில், போட்டி ராக்கெட் நிறுவனமான யு.எல்.ஏ.வின் தலைவராக இருந்த டோரி புருனோ, எல்லாப் பூஸ்டர்களுக்கும் சராசரியாகப் பத்துத் தடவை வந்தால்தான் கட்டுபடியாகும் என்றார். இருவரில் ஒருவர் புளுகுகிறாரோ என்பதுதான் கேள்விக்கு அடியில் இருக்கும் சந்தேகம். அப்படி இல்லை. இருவரும் வேறு வேறு கணக்கைப் போட்டு வேறு வேறு விடை சொல்கிறார்கள். அந்த விடையைத் தீர்மானிப்பது ஒரு பூஸ்டர் எத்தனை தடவை பறக்கிறது என்பதைவிட, ஆண்டுக்கு எத்தனை ஏவுதலுக்கு ஆள் கிடைக்கிறது என்பதுதான்.

முதலில், எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லிவிடுகிறேன். இந்த நிறுவனங்களின் உள்கணக்கு வெளியே வருவதில்லை. நம் கையில் இருப்பவை விலைப்பட்டியல்கள், அரசு ஒப்பந்தத் தொகைகள், தலைவர்கள் பேட்டியில் சொன்னவை, அவ்வளவுதான். ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட் பற்றி மஸ்க் 2018இல் சொன்ன பங்கீடு, ஒரு ஏவுதலின் செலவில் பூஸ்டர் சுமார் 60 சதவீதம், மேல் அடுக்கு 20, சுமையை மூடியிருக்கும் கூம்பு உறை 10, ஏவுதளச் செலவு 10 என்பது. 2020இல் இன்னொன்று சொன்னார்: பறந்த பூஸ்டரைச் சரிபார்க்க 10 லட்சம் டாலர், புதிய மேல் அடுக்குக்கு 1 கோடி டாலர், எல்லாம் கூட்டி ஒரு கூடுதல் ஏவுதலுக்குக் கைவிட்டுப் போவது நல்ல சமயத்தில் 1.5 கோடி டாலர். அதே ஆண்டில் அதே நிறுவனத்தின் அதிகாரி ஒருவர், எல்லாம் சேர்த்து 2.8 கோடி என்றார். இரண்டும் பொய்யாக இருக்கவேண்டியதில்லை. முதலாவது, இன்னும் ஒரு தடவை ஏவினால் கூடும் செலவு. இரண்டாவதில் ஆள் சம்பளம், கட்டடம் எல்லாவற்றின் பங்கும் சேர்ந்திருக்கக்கூடும். இணையத்தில் நடக்கும் பாதிச் சண்டை இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருகிறது. ஆகவே இவற்றைத் தணிக்கை செய்த கணக்காக எடுத்துக்கொள்ளாமல், எந்தச் செலவு பெரியது எது சிறியது என்று காட்டும் குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐயத்துக்கு இடமில்லாத ஒன்று, எரிபொருள் விலை இதில் பொருட்டே இல்லை என்பது. மண்ணெண்ணெய் வகை எரிபொருளும் திரவ ஆக்சிஜனும் சேர்த்தே ஒரு ஃபால்கன் 9க்குச் சில லட்சம் டாலர்தான். ஆறேழு கோடி டாலர் விலையில் அது நூற்றில் ஒன்றுகூட ஆகாது. திரும்பி இறங்க இவ்வளவு எரிபொருளை வீணடிக்கிறார்களே என்று கேட்பவர்கள் தவறான இடத்தில் விரல் வைக்கிறார்கள். வீணாவது எரிபொருளின் காசு இல்லை. அந்த எரிபொருளைத் திரும்பும் வழிக்கென்று ஒதுக்குவதால் குறைந்துபோகும் சுமை. ஃபால்கன் 9இன் பூஸ்டரைக் கைவிட்டு முழுத்திறனில் ஏவினால் புவிநிலைப் பாதைக்கு (பூமியின் ஒரே இடத்துக்கு மேல் நிற்பதுபோல் சுற்றும் உயரமான பாதை) ஏறுவதற்கான இடைப்பாதையில் 8,300 கிலோ வைக்கலாம். கடலில் நிற்கும் மிதவையில் இறக்கிக்கொண்டால் 5,500 கிலோதான். மூன்றில் ஒரு பங்கு போயிற்று. தாழ்வான பாதைக்கு 22,800 கிலோ என்பது 17,500 கிலோ அளவுக்கு இறங்குகிறது; அங்கே இழப்பு நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஏவிய இடத்துக்கே திரும்பி வந்து இறங்குவதென்றால் இழப்பு இன்னும் கூடும், ஏனென்றால் முன்னோக்கிப் போகும் வேகத்தை முழுக்க அழித்துப் பின்னோக்கி வேகம் கொடுக்கவேண்டும். அதற்குப் பதிலாக மிதவை, இழுவைக் கப்பல், துறைமுக நாட்கள் என்ற செலவு மிச்சம். சுமை இலேசாக இருக்கும்போது தரைக்கும், கனமாக இருக்கும்போது மிதவைக்கும் போவது இந்தப் பேரத்தால்தான்.

இத்தனை இழப்பையும் முதல் அடுக்கில் தாங்கிக்கொள்ள முடிகிறதே ஏன் என்றால், பூஸ்டரில் இறங்கி நிற்கக் கால், இறங்கும்போது திசைதிருப்பத் துடுப்பு, மிச்ச எரிபொருள் என்று 5 முதல் 10 கிலோ கூட்டினால் சுற்றுப்பாதைச் சுமையில் ஏறத்தாழ 1 கிலோதான் குறையும். மேல் அடுக்கில் கூட்டும் 1 கிலோ, சுமையிலிருந்து அப்படியே 1 கிலோவைத் தின்றுவிடும். வெப்பமும் அப்படித்தான். பூஸ்டர் பிரியும்போது வேகம் நொடிக்கு 2.3 கி.மீ. அளவில் இருக்கும், சுற்றுப்பாதை வேகம் 7.8 கி.மீ. ஒவ்வொரு கிலோவும் சுமக்கும் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியாகப் போவதால், மேலிருந்து திரும்பும் அடுக்கு கரைக்கவேண்டிய ஆற்றல் பதினோரு மடங்குக்கு மேல். அதனால்தான் பூஸ்டர் கவசம் அதிகமில்லாமல், இறங்கும் வழியில் மூன்று எஞ்சின்களைச் சிறிது நேரம் எரித்து வேகத்தைக் குறைத்தே தப்பித்துவிடுகிறது.

இப்போது எளிய கணக்கு. தூக்கியெறியும் ராக்கெட்டின் ஒரு ஏவுதல் அடக்கவிலையை 100 என்று வைப்போம். அதில் பூஸ்டர் 60, மற்றவை 40. திரும்ப இறங்கும் பூஸ்டருக்குக் கால்களும் துடுப்புகளும் வேண்டும் என்பதால் பத்து சதவீதம் கூட்டி 66. ஒவ்வொரு தடவையும் மீட்பதற்கும் சரிபார்ப்பதற்கும் 6. ஒரே தடவை பறந்தால் மொத்தம் 112, அதாவது நஷ்டம். இரண்டு தடவை பறந்தால் ஏவுதல் ஒன்றுக்கு 79. மூன்றில் 68. ஐந்தில் 59. பத்தில் 52.6. இருபதில் 49.3. முப்பதில் 48.2. இரண்டாவது தடவையிலேயே 100க்குக் கீழே வந்துவிட்டது. இது மஸ்க்கின் கணக்கை ஒட்டியது. இன்னொன்றையும் இங்கே கவனியுங்கள். பத்துக்குமேல் மிச்சம் சுருங்கிப்போகிறது. இருபதை முப்பதாக்கினால் கிடைப்பது 1.1தான். பூஸ்டரின் பங்கு கரைந்தபின் மீதி இருப்பது மேல் அடுக்கும் உறையும் ஆட்களும்.

இதையே கிலோ ஒன்றுக்கு என்று போட்டால் படம் மாறும். சுமையில் 30 சதவீதம் இழக்கிறோம் என்றால் மேலே உள்ள ஒவ்வொரு எண்ணையும் 0.7 ஆல் வகுக்கவேண்டும். இரண்டு தடவையில் 113, இன்னும் நஷ்டம். மூன்றில் 97, பத்தில் 75. இழப்பு 40 சதவீதம் என்றால் ஐந்தாவது தடவையில்தான் 100க்குக் கீழே இறங்கும். எந்தக் கணக்கு சரி? ராக்கெட்டின் கொள்ளளவை விளிம்புவரை நிரப்புபவருக்குக் கிலோ கணக்கு. 4 டன் செயற்கைக்கோளை அனுப்பும் வாடிக்கையாளருக்கு அந்த ராக்கெட் 8 டன் தூக்கினால் என்ன, 5 டன் தூக்கினால் என்ன? அவருக்கு ஏவுதல் ஒன்றுக்கு எவ்வளவு என்பதுதான் கணக்கு. பல சமயம் எடைக்கு முன்பே உறைக்குள் இருக்கும் இடம் தீர்ந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், இழந்த சுமை பெரும்பாலும் விற்கப்படாத சுமைதான்.

இந்தக் கணக்கின் நாடி சரிபார்ப்புச் செலவு. அந்த 6 என்பதை 30 என்று மாற்றிப் பாருங்கள், அதாவது பூஸ்டரின் பழைய விலையான 60இல் பாதி. 30 சதவீதச் சுமை இழப்போடு கிலோ கணக்கைப் போட்டால், பூஸ்டர் ஆயிரம் தடவை பறந்தாலும் 70ஐ 0.7 ஆல் வகுத்து 100இலேயே முட்டிக்கொண்டு நிற்கும். லாபமே வராது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

அமெரிக்க விண்வெளி ஓடத்துக்கு நேர்ந்ததும் இதுவே. 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 50ஐ ஒட்டிய பறத்தல்கள் என்று வைத்துத்தான் மலிவு என்று காட்டினார்கள். நடந்தது அதிகபட்சமாக 1985இல் 9. 1981 முதல் 2011 வரை மொத்தம் 135. திட்டத்தின் முழுச் செலவை இந்த எண்ணால் வகுத்தால் ஒன்றுக்கு 150 கோடி டாலர் அளவில் வருகிறது. ஓடத்தின் உடலில் ஒட்டியிருந்த 20,000க்கு மேற்பட்ட வெப்ப ஓடுகளை ஒவ்வொரு தடவையும் பார்க்கவேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் தனி வடிவம், ஒன்று போனால் அதே அளவில் செய்து ஒட்டவேண்டும். முதன்மை எஞ்சின்கள் ஒவ்வொரு பறத்தலுக்குப் பின்னும் கழற்றப்பட்டுப் பட்டறைக்குப் போயின. பக்கத்திலிருந்த திட எரிபொருள் பூஸ்டர்கள் பாராசூட்டில் மணிக்கு 80 கி.மீ. அளவு வேகத்தில் கடலில் விழும். கப்பலில் இழுத்து வந்து, உப்பைக் கழுவி, துண்டு துண்டாகப் பிரித்து, புளோரிடாவிலிருந்து ரயிலில் யூட்டாவுக்கு அனுப்பி மறுபடி எரிபொருள் வார்க்கவேண்டும். திட பூஸ்டர் என்பது பெரும்பாலும் ஓர் எஃகுக் குழாயும் வார்த்த எரிபொருளும்தான். எரிபொருள் எரிந்துபோய்விடுகிறது, வெறும் குழாய் திரும்பி வருகிறது. பிறகு வந்த நாசாவின் எஸ்.எல்.எஸ். ராக்கெட்டில் அதே வகை பூஸ்டர்களின் பாராசூட்டை எடுத்துவிட்டுக் கடலில் விட்டுவிடுகிறார்கள். சில ஆண்டுக்கு ஒருமுறை பறப்பதற்கு மீட்புக் கப்பலையும் ஆட்களையும் வைத்துச் சோறு போடுவது கட்டாது. ஆனால் அதே ராக்கெட்டில், விண்வெளி ஓடத்தில் பலமுறை பறப்பதற்கென்றே வடிவமைத்த ஆர்.எஸ்.-25 வகை எஞ்சின்கள் நான்கும் கடலுக்குப் போவதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். 2020இல் 18 புதிய எஞ்சின்களுக்குப் போட்ட ஒப்பந்தம் 179 கோடி டாலர், ஒன்றுக்கு ஏறத்தாழ 10 கோடி.

ஃபால்கனில் சரிபார்ப்பு எப்படிச் சுருங்கியது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பூஸ்டர் மிதவையில் நின்றதும் மிச்ச ஆக்சிஜனையும் அழுத்தத்தையும் வெளியேற்றுவார்கள். ஆள் ஏறுவதற்கு முன்பே அடியில் ஊர்ந்து வந்து பூஸ்டரைப் பிடித்துக்கொள்ள ஓர் இயந்திரம் உண்டு. துறைமுகத்தில் கிரேனால் தூக்கி, கால்களை மடித்து, படுக்கவைத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே முதல் கவலை எஞ்சின். மெர்லின் எஞ்சினில் பம்ப்பைச் சுழற்றும் டர்பைனுக்கு வாயு தரும் சிறு எரிகலன் எரிபொருள் மிகுதியாக எரிகிறது. மண்ணெண்ணெய் என்பதால் கரி படியும். நொடிக்குள் குளிர்ச்சியிலிருந்து பல நூறு டிகிரிக்குப் போய், அணைந்ததும் திரும்பக் குளிரும் டர்பைன் சக்கரத்தில் மயிரிழை விரிசல் விழும். பிளாக் 5 என்ற மேம்பட்ட ஃபால்கன் வடிவத்துக்கு முந்தைய எஞ்சின்களில் இந்த விரிசல் பெரிய பேச்சாகவே இருந்தது. எஞ்சினின் முதன்மை எரிகலனின் செப்புக் கலவைச் சுவர், அதில் ஓடும் குளிர்விப்புக் கால்வாய்க்கு மேலே ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் மெலியும். ஆகவே பறந்த மணிநேரத்தைவிட எத்தனை தடவை பற்றவைத்து அணைத்தோம் என்பதுதான் எஞ்சினின் வயது. மிதவையில் இறங்கும் பயணத்தில் நடு எஞ்சின் ஏறும்போது, வளிமண்டலத்தில் நுழையும்போது, இறங்கும்போது என்று மூன்று தடவை பற்றுகிறது. ஏவுதளத்துக்குத் திரும்புவதென்றால் நான்கு. ஓரத்து எஞ்சின்கள் பலவற்றுக்கு ஒரே தடவைதான். அடுத்தது எஞ்சின்களைச் சுற்றியுள்ள அடித்தட்டு வெப்பக் கவசம். பிறகு தொட்டிக்குள் இருக்கும் உயரழுத்த ஹீலியம் குப்பிகள், வால்வுகள், பற்றவைக்கும் திரவத்தின் நிரப்பு, கசிவுச் சோதனை. கால்களுக்குள் மோதலில் நசுங்குவதற்கென்றே அலுமினியத் தேன்கூடு உண்டு. வேகமாக இறங்கியிருந்தால் அதை மாற்றவேண்டும். முதலில் இருந்த அலுமினியத் துடுப்புகள் நுழைவு வெப்பத்தில் கருகின. 2017 ஜூனில் டைட்டானியத்துக்கு மாறினார்கள். அதோடு துடுப்பு மாற்றும் வேலை ஓய்ந்தது.

இப்படி ஒவ்வொரு வேலையாக ஓயவைத்ததுதான் ரகசியம். 2015 டிசம்பரில் முதன்முதலில் தரையில் இறங்கிய பூஸ்டர் மறுபடி பறக்கவே இல்லை. 2017 மார்ச்சில் எஸ்.இ.எஸ்.-10 செயற்கைக்கோளை ஏந்திப் போனதுதான் இரண்டாம் தடவை பறந்த முதல் பூஸ்டர். அதற்கு முந்தைய பயணத்துக்கும் அதற்கும் நடுவே ஏறக்குறைய ஓராண்டு. 2018இல் வந்த பிளாக் 5 வடிவத்துக்குப் பிறகு இடைவெளி மாதக்கணக்கிலிருந்து வாரக்கணக்குக்கு வந்தது. 2025 மார்ச்சில் ஒரு பூஸ்டர் 9 நாளில் மறுபடி பறந்தது. ஒன்பது நாளில், அதுவும் ஏற்றி இறக்கும் நேரம் போக, ஒன்பது எஞ்சினையும் பிரித்துக் கோக்க முடியாது. எனவே சரிபார்ப்பு என்பது பெரும்பாலும் பார்வையும் சோதனையும்தான், பிரிப்பது விதிவிலக்கு என்று தைரியமாகச் சொல்லலாம். செலவு 10 லட்சமா 20 லட்சமா என்று வாதாடலாம். பாதிவிலை இல்லை என்பதற்கு இந்த 9 நாளே சாட்சி.

இனி புருனோவின் பத்து. அவர் தரப்புக் கணக்கில் ஸ்பேஸ்எக்ஸ் கணக்கில் அடிபடாத ஒன்று சேர்கிறது, தொழிற்சாலை. பூஸ்டருக்கான 60இல் பாதி, செய்தாலும் செய்யாவிட்டாலும் போகும் செலவு என்று வைப்போம்: கட்டடம், வெல்டிங் சாதனங்கள், பயிற்சி பெற்ற ஆட்கள், உதிரிபாகம் தரும் சிறு நிறுவனங்கள். ஆண்டுக்குப் பத்து ஏவுதல் என்றால் நிலைச் செலவு 300. பூஸ்டர் பத்துத் தடவை பறந்தால் ஆண்டுக்கு ஒன்றுதான் செய்வோம். ஆனால் அந்த 300 அப்படியே நிற்கும். ஒரு பூஸ்டரின் பொருள் செலவு 33ஐக் கூட்டி பத்தால் வகுத்தால் ஏவுதலுக்கு 33. முழு அடக்கம் 79. முந்தைய கணக்கில் இதே இடத்தில் 52.6 என்று வந்திருந்தது. மிச்சம் பாதிக்குமேல் காணாமற் போயிற்று, கிலோ கணக்கிலோ 113, முதலுக்கே மோசம். ஆண்டுக்கு ஐம்பது ஏவுதல் என்று மாற்றுங்கள்: அதே 300 ஐம்பதால் வகுபட்டு 6 ஆகிறது, அடக்கம் 55, கிலோ கணக்கில் 79.

நேர்மையாக இருக்கவேண்டுமானால் எதிர்த்தரப்புக்கும் சலுகை தரவேண்டும். ஆண்டுக்கு ஐம்பது பூஸ்டர் செய்பவருக்கும் விலை குறையும். விமானத் தொழிலில் 1936இலிருந்தே தெரிந்த விதி, உற்பத்தி இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் அலகுச் செலவு 15 முதல் 20 சதவீதம் இறங்கும் என்பது. 15 என்று வைத்துச் சற்றுத் தளர்த்திப் போட்டால் ஐந்து மடங்கு உற்பத்தியில் 60 என்பது 41 ஆகும். தூக்கியெறியும் ராக்கெட்டின் அடக்கம் 81. கிலோ கணக்கில் 79க்கும் 81க்கும் பெரிய வித்தியாசம் இல்லை! மறுபயன்பாட்டு ஆதரவாளர்கள் இந்த வரியைப் பொதுவாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் ஏவுதல் கணக்கில் 55க்கு 81. தவிர, ஐம்பது பூஸ்டர் என்றால் ஆண்டுக்கு 450 எஞ்சின். அவ்வளவு பெரிய தொழிற்சாலையை யார் முதல்போட்டுக் கட்டுவார் என்ற கேள்வி தனி.

ஐரோப்பாவின் தயக்கத்துக்கும் காரணம் இதுவே. ஐரோப்பாவின் ஏரியான் ராக்கெட்டுகளைச் செய்யும் ஏரியான்குரூப் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆலன் ஷார்மோ 2018இல் இதை வெளிப்படையாகவே சொன்னார்: உறுதியான ஏவுதல் ஆண்டுக்குப் பத்து, பூஸ்டர் பறப்பதும் பத்துத் தடவை என்றால் ஆண்டுக்கு ஒரு ராக்கெட் செய்துவிட்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்பவேண்டியதுதான். பலர் கேலி செய்தார்கள். கணக்கில் தவறில்லை; ஏவுதல் எண்ணிக்கை கூடாது என்று வைத்துக்கொண்டதில்தான் தகராறு. எஞ்சின் அமைப்பும் இதில் புகுந்து விளையாடுகிறது. ஃபால்கனின் கீழே ஒன்பது மெர்லின், மேலே அதே குடும்பத்தில் ஒன்று. பூஸ்டர் செய்வது குறைந்தாலும் ஒவ்வொரு ஏவுதலுக்கும் ஒரு மேல் எஞ்சின் போவதால் பட்டறை ஓடிக்கொண்டே இருக்கும். ஏரியான் 6இல் கீழே ஒரே ஒரு வல்கெய்ன் எஞ்சின், மேலே முற்றிலும் வேறான வின்சி எஞ்சின். கீழ் அடுக்கை மீட்டால் வல்கெய்ன் பட்டறை தூங்கிவிடும். ஒற்றைப் பெரிய எஞ்சினின் உந்துவிசை, காலித்தொட்டியை மெல்ல இறக்கத் தேவையானதைவிட மிக அதிகம் என்ற தொல்லையும் கூடவே உண்டு. ஒன்பதில் ஒன்றை மட்டும் குறைத்து எரித்தாலே காலி ஃபால்கன் பூஸ்டரின் எடையைவிட உந்துவிசை கூடுதல். தரையைத் தொடும் கணத்தில் வேகம் பூஜ்யமாகும்படி நேரம் பார்த்துப் பற்றவைத்துத்தான் இறக்குகிறார்கள். அதனால் இருக்கிற ராக்கெட்டுக்குக் கால் வைத்துவிடலாம் என்பது நடக்காது, முதல் கோட்டிலிருந்தே அதற்காக வரையவேண்டும். யு.எல்.ஏ.வின் வல்கன் ராக்கெட்டும் அப்படித்தான். அதன் பூஸ்டர் இன்னும் வேகமாகப் போனபின் பிரிகிறது என்பதால் முழுசாக மீட்பதை விட்டுவிட்டு, எஞ்சின் பகுதியை மட்டும் கழற்றி ஊதிப் பெருகும் வெப்பக் கவசத்தோடு இறக்கத் திட்டமிட்டார்கள். விலையில் பெரும்பங்கு எஞ்சினில் இருப்பதால் யோசனையில் பழுதில்லை. கவசத்தை நாசா 2022 நவம்பரில் சோதித்து வெற்றி கண்டது.

கடலில் விழவைத்து எடுப்பது மலிவாகத் தோன்றும், ஆனால் உப்பு நீர் மின் இணைப்புகளிலும் எஞ்சினுக்குள்ளும் புகுந்தால் சரிபார்ப்புச் செலவு எகிறும். ராக்கெட் லேப் நிறுவனம் தன் சிறிய ராக்கெட்டான எலக்ட்ரானின் பூஸ்டரை 2022 மேயில் ஹெலிகாப்டரால் நடுவானில் கொக்கி போட்டுப் பிடித்ததே அதைத் தவிர்க்கத்தான்; பிடித்தபின் பாரம் எதிர்பார்த்தபடி இல்லாமல் விட்டுவிட நேர்ந்தது. பிறகு கடலிலிருந்து எடுத்த ஓர் எஞ்சினை 2023 ஆகஸ்டில் மறுபடி பறக்கவிட்டார்கள். சின்ன ராக்கெட்டில் மீட்புக் கருவியின் எடை விகிதத்தில் பெரிதாகிவிடுவதால் இந்தக் கணக்கு அங்கே இன்னும் இறுக்கமானது.

இன்னொரு எண்ணை எல்லோரும் தவறாகப் படிக்கிறார்கள்: வடிவமைப்பு ஆயுள். ஒரு பூஸ்டர் 100 தடவை தாங்கும் என்று எழுதியிருக்கலாம். பத்தில் ஒரு இறக்கம் தவறினால் சராசரி ஆயுள் பத்துதான்; அதில் நூறு என்று எழுதி என்ன பயன்? ஐம்பதில் ஒன்று தவறினால் நாற்பத்துச் சொச்சம். அதனால் ஆரம்ப ஆண்டுகளில் எஞ்சினை வலுப்படுத்துவதைவிட இறக்கத்தைச் செம்மைப்படுத்தியதில்தான் பணம் மிச்சமானது. நின்ற பிறகும் ஆபத்து தீர்வதில்லை. 2020இல் ஸ்பேஸ்எக்ஸின் முதல் மனிதப் பயணத்தை ஏந்திய பூஸ்டர் 19 தடவை பறந்தபின், 2023 டிசம்பரில் மிதவையில் திரும்பும் வழியில் காற்றிலும் அலையிலும் சாய்ந்து உடைந்தது. இன்னொன்று 2024 ஆகஸ்டில் 23ஆவது இறக்கத்தில் கவிழ்ந்து எரிந்தது. கணக்கைப் பொறுத்தவரை இரண்டும் பெரிய நஷ்டமில்லை. 66 விலையுள்ள பொருள் 19 தடவை பறந்தாலே ஒன்றுக்கு 3.5க்குக் கீழே வந்துவிட்டது. வயதான பூஸ்டரைக் கனமான சுமைக்கென்று ஒதுக்கி, கடைசித் தடவை கால் இல்லாமல் முழுத்திறனில் ஏவி, கடலுக்குக் கொடுத்துவிடுவதும் வழக்கம். 2022 நவம்பரில் இரண்டு கேலக்ஸி செயற்கைக்கோள்களுக்காக 14ஆவது பயணத்தில் ஒரு பூஸ்டரை அப்படித்தான் விட்டார்கள். சுமை இழப்பை அந்த ஒரு தடவைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கெட்டிக்காரத்தனம்.

அடக்கம் இவ்வளவு இறங்கியும் விலை ஏன் இறங்கவில்லை என்று அடுத்துக் கேட்பீர்கள். ஃபால்கன் 9இன் பட்டியல் விலை பல ஆண்டுகள் 6.2 கோடி டாலராக இருந்து 2022இல் 6.7 கோடிக்கும், 2024இல் 7 கோடியை ஒட்டியும் ஏறியது. போட்டியாளரின் விலைக்குச் சற்றுக் கீழே இருந்தால் போதும் என்னும்போது மிச்சத்தை யார் வாடிக்கையாளருக்குக் கொடுப்பார்? மறுபயன்பாட்டை உருவாக்கவே குறைந்தது 100 கோடி டாலர் போயிற்று என்று 2017இல் மஸ்க் சொன்னார். அதையும் இதிலிருந்துதான் எடுக்கவேண்டும். ஆண்டுக்கு ஐம்பது ஏவுதலுக்கு ஆள் எங்கே என்ற கேள்விக்கு அந்த நிறுவனம் கண்ட விடை, தன் செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்க். தன் ராக்கெட்டுக்குத் தானே வாடிக்கையாளர். 2024இல் ஃபால்கன் குடும்பம் 130க்கு மேல் பறந்ததில் பெரும்பகுதி அதுதான். அப்படி ஒரு சொந்தத் தேவை இல்லாத நிறுவனம் அதே பூஸ்டரை வாங்கி வைத்துக்கொண்டாலும் அதே லாபம் வராது.

இப்போது பூஸ்டர்கள் 30 தடவையைத் தாண்டிவிட்டன. மேலே போட்ட கணக்குப்படி அங்கே மிச்சம் காசளவில் அற்பம். கிடைப்பது வேறு: புதிய பூஸ்டருக்காகக் காத்திராமல் இரண்டு மூன்று நாளுக்கு ஒன்று ஏவ முடிவது, தொழிற்சாலையின் இடமும் ஆட்களும் மேல் அடுக்குச் செய்யத் திரும்புவது. 130 ஏவுதல் என்றால் 130 மேல் அடுக்கு, ஒவ்வொன்றும் சுமார் 1 கோடி டாலர், ஒன்றும் திரும்பி வராது. உறைகளையாவது பாராசூட்டில் இறக்கிக் கடலிலிருந்து பொறுக்கிக்கொள்கிறார்கள். உள்ளே எஞ்சின் இல்லாத வெறும் ஓடு என்பதால் உப்பு நீர் அவ்வளவு கெடுப்பதில்லை. மேல் அடுக்கையும் மீட்கும் முயற்சிதான் ஸ்பேஸ்எக்ஸின் புதிய பெரிய ராக்கெட்டான ஸ்டார்ஷிப். அதன் கீழ்ப்பகுதியை 2024 அக்டோபரில் கோபுரக் கரங்களால் பிடித்ததும், 2025 மேயில் பறந்த ஒன்றை மறுபடி ஏவியதும் நடந்தவை. மீத்தேன் எரிவதால் கரித்தொல்லை குறைவு என்பதும் உறுதி. மேல்பகுதியின் அடியிலோ மறுபடி ஆயிரக்கணக்கான வெப்ப ஓடுகள். அவற்றை ஒவ்வொரு தடவையும் எத்தனை பேர் எத்தனை நாள் பார்க்கவேண்டியிருக்கும் என்பதைப் பொறுத்து அந்த 6 என்ற எண் 6ஆகவே நிற்கும், இல்லையென்றால் 30ஐ நோக்கி ஏறும்.